வேலை இங்க வரல, அதுல ஒரு துண்டு தான் வந்துச்சு

2003ல பிரிட்டன்ல ஊர் ஊரா ஒரு பிங்க் கலர் யானை சுத்துச்சு. நிஜ யானை இல்ல, காத்தடிச்சு நிறுத்துற யானை. அதைத் தூக்கிட்டுப் போனது அங்க இருக்குற தொலைத்தொடர்பு ஊழியர் சங்கம், சி.டபிள்யூ.யூ.ன்னு சொல்வாங்க. பிரச்சினை என்னன்னா அந்த வருஷம் மார்ச்சுல பி.டி., அதாவது பிரிட்டிஷ் டெலிகாம், டெல்லியிலயும் பெங்களூர்லயும் ரெண்டு கால் சென்டர் ஆரம்பிக்கிறோம், 2,200 பேருக்கு அங்க வேலைன்னு அறிவிச்சாங்க. அதே நேரத்துல பிரிட்டனுக்குள்ள நூத்துக்கு மேல இருந்த கால் சென்டர்களை மளமளன்னு மூடிட்டும் இருந்தாங்க. யாரையும் கட்டாயப்படுத்தி வீட்டுக்கு அனுப்ப மாட்டோம்னு கம்பெனி சொன்னாலும் எவன் நம்புவான், அதான் யானை கிளம்பிடுச்சு.

இந்தியான்னா யானை, சரி, அது எப்படி பிங்க் ஆச்சுன்னு என்னைக் கேக்காதீங்க.

அங்க "வேலை போகுது"ன்னு யானை சுத்தின அதே சமயத்துல இங்க "வேலை வருது"ன்னு பேப்பர்ல கால் பக்க விளம்பரம். ஞாயித்துக்கிழமை வாக்-இன், எந்த டிகிரியா இருந்தாலும் ஓகே, கேப் உண்டு, சாப்பாடு உண்டு. எங்க ஊர்ல இருந்து பி.எஸ்சி. பிசிக்ஸ் முடிச்சிட்டு மெட்ராஸ் வந்து மேன்ஷன்ல ரூம் எடுத்து சுத்திட்டு இருந்தவன் நான், அப்படி ஒரு வாக்-இன்ல தான் உள்ள போனேன். பி.டி. இல்ல, பிரிட்டன்ல வேற ஒரு பிராட்பேண்ட் கம்பெனி, அவங்க வேலையை கான்ட்ராக்ட் எடுத்த ஒரு பி.பி.ஓ. பேர் வேணாம். ஆக்சென்ட் ட்ரெயினிங், சண்முகம் சாம் ஆனது, வெள்ளைக்காரன் கெட்ட வார்த்தைல திட்டினது, இதெல்லாம் ஏற்கனவே ஆயிரம் பேர் எழுதிட்டாங்க, அதை விட்டுடுறேன். நான் எழுத வந்தது வேற. அங்க இருந்து வேலை போச்சுன்னு அவங்க சொன்னதும், இங்க வேலை வந்துச்சுன்னு நாம சொன்னதும் ரெண்டுமே பாதி தான் உண்மைன்னு எனக்கு அந்த சீட்ல உக்காந்தப்போ தான் உறைச்சுது.

முதல்ல ஒரு கணக்கு. பி.டி.யை 1984ல தாட்சர் அரசாங்கம் பங்கு போட்டு வித்தப்போ அதுல வேலை செஞ்சவங்க சுமார் 2.4 லட்சம் பேர். பிங்க் யானை வந்த 2003ல எவ்வளவு பேர்? சுமார் ஒரு லட்சம். அப்போ யானை வர்றதுக்கு முன்னாடியே சுமார் 1.4 லட்சம் வேலை காணாம போயிருந்துச்சு. அதுல பெரும்பாலானது பெங்களூருக்கு வரல. பழைய எக்ஸ்சேஞ்ச் எல்லாம் டக டகன்னு சத்தம் போடுற இரும்பு மெஷின், அதைத் துடைக்க, எண்ணெய் போட, தேஞ்ச காண்டாக்டை மாத்த கூட்டமா ஆள் வேணும். சிஸ்டம் எக்ஸ்னு டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் வந்ததும் அந்த ஆளுங்க வேணாம்னு ஆயிடுச்சு. அதுக்கும் முன்னாடி கைல பிளக் சொருகி லைன் குடுத்த ஆபரேட்டர் பொண்ணுங்க, பிரிட்டனோட கடைசி மேனுவல் எக்ஸ்சேஞ்ச் ஸ்கை தீவுல போர்ட்ரீன்னு ஒரு ஊர்ல 1976ல மூடுனாங்க. அப்போல்லாம் யாரும் யானையைக் கொண்டு வரல, ஏன்னா மெஷினைத் திட்டி ஊர்வலம் போனா கூட்டம் சேராது, தூர தேசத்துக்காரன் எடுத்துட்டான்னா தான் சேரும். (சி.டபிள்யூ.யூ.வை மட்டும் குறை சொல்லல, 1987ல பி.டி.ல பெரிய ஸ்ட்ரைக்கே நடந்துச்சு. ஆனா டி.வி.ல எது ஓடும்னு இருக்குல்ல.)

சரி, ஒரு வேலையை எப்படி ஏழு எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வைக்க முடியுது? நம்ம ஆளுங்க சொல்ற பதில் "நாம இங்கிலீஷ் பேசுவோம், சம்பளம் கம்மி". ரெண்டும் நிஜம் தான், ஆனா அது 1985லயும் நிஜம் தானே, அப்போ ஏன் வரல? லைன் இல்ல. வெளிநாட்டு போன் காலுக்கு வி.எஸ்.என்.எல்.னு ஒரே ஒரு கம்பெனி மட்டும் தான், அவன் வச்சது தான் ரேட்டு. 2002 ஏப்ரல்ல அந்த தனி உரிமை முடிஞ்சுது. அதே வருஷம் ஏர்டெல் நடத்துற பார்தியும் சிங்கப்பூர் சிங்டெல்லும் சேர்ந்து சென்னைல இருந்து சிங்கப்பூருக்கு 3,200 கிலோமீட்டர் கடலடி கேபிள் போட்டாங்க. உலகம் முழுக்க டாட்காம் காலத்துல கண்ணு மூடிட்டுப் போட்ட ஃபைபர் எல்லாம் வாங்க ஆள் இல்லாம கிடந்துச்சு, அதனால பேண்ட்வித் விலை பாதாளத்துக்குப் போச்சு. இதுல ஒரு கூத்து இருக்கு பாருங்க, அந்த ஃபைபரை போட்டது யாரு, டெலிகாம் கம்பெனிங்க. ஜாயின்ட் போட்டது யாரு, அவங்க ஊழியர்கள். அவங்க இழுத்த ஒயர் வழியா தான் அவங்க ஆபீஸ் வேலையே வெளிய போச்சு.

ஆனா ஒயர் மட்டும் போதாது. வேலையை முதல்ல நறுக்கணும். கல்யாண வீட்டு சமையல்கட்டுல மாஸ்டரை வேற ஊருல உக்கார வச்சு சமைக்க சொல்ல முடியாது, ஆனா வெங்காயம் உரிக்கிறதை மட்டும் தனியா பிரிச்சிட்டா அதை எங்க வேணா உரிச்சு மூட்டை கட்டி அனுப்பலாம், யாரு கம்மி ரேட்டோ அவங்க. டெலிகாம்ல நடந்தது அது தான். முன்னாடி போன் ரிப்பேர்னு ஒரு ஆபீசுக்கு கூப்பிட்டா எடுக்குறவருக்கு அந்த ஏரியா தெரியும், எந்த தெருல எந்த பெட்டி தண்ணி ஏறும்னு தெரியும், லைன்மேனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாரு. அந்த ஒரு ஆளை நாலா அஞ்சா பிரிச்சாங்க. கம்ப்ளெயின்ட் கேக்குறது ஒருத்தன், லைன் டெஸ்ட் பாக்குறது ஒரு மெஷின், இன்ஜினியர் அனுப்புறது ஒரு போர்ட்டல், பில்லிங் தனி டீம், கோவப்பட்டா அதுக்கு ஒரு டீம், கனெக்‌ஷனே வேணாம்னு சொன்னா ரிடென்ஷன்னு இன்னொரு டீம். 2006ல பி.டி. தன்னோட ஒயர், கம்பம் எல்லாத்தையும் ஓப்பன்ரீச்னு தனியா பிரிச்சிடுச்சு, ரெகுலேட்டர் ஆஃப்காம் குடுத்த அழுத்தத்துல. போட்டிக்கு நல்லது தான், ஒத்துக்கிறேன். ஆனா எங்களை மாதிரி போன் எடுக்குறவனுக்கும் கம்பத்துல ஏறுறவனுக்கும் நடுவுல இன்னும் ஒரு சுவர்.

எங்களுக்கு வந்து சேர்ந்தது அந்த முதல் துண்டு. யூகே ப்ராசஸ்னா, அதாவது பிரிட்டன் கிளையன்ட்டோட வேலைன்னா, யூஎஸ் மாதிரி ராத்திரி முழுக்க முழிக்க வேணாம், அவங்களுக்கு காலைல ஒன்பது மணின்னா நமக்கு மதியம் ஒன்றரை, குளிர் காலத்துல ரெண்டரை. மதியம் சாப்பிட்டுட்டு லாகின், ராத்திரி கடைசி கேப். வீட்டுல கல்யாணம் பேசும்போது "நைட் ஷிஃப்ட் இல்லீங்க"ன்னு சொல்லிக்கலாம், அந்த மரியாதை யூகே ப்ராசசுக்கு இருந்துச்சு.

ஒரு போன் காலைப் பத்தி சொல்றேன், ஏன்னா மொத்த சமாச்சாரமும் அதுல இருக்கு. வட இங்கிலாந்துல ஏதோ ஊர், வயசான குரல். லைன்ல கரகரன்னு சத்தம், மழை பேஞ்சா இன்டர்நெட் கட் ஆகுதுன்னாரு. நான் ஸ்க்ரிப்ட் ஆரம்பிச்சேன். வீட்டுல எத்தனை போன், ஒவ்வொண்ணுலயும் மைக்ரோஃபில்டர், அதாவது போன் பேச்சையும் இன்டர்நெட்டையும் பிரிக்கிற சின்ன டப்பா, மாட்டியிருக்கா. மாட்டியிருக்கு. அப்புறம் டெஸ்ட் சாக்கெட். அங்க வீட்டுக்குள்ள லைன் நுழையுற இடத்துல வெள்ளை கலர்ல மாஸ்டர் சாக்கெட் ஒண்ணு இருக்கும், அதோட கீழ் பாதில ரெண்டு ஸ்க்ரூ, கழட்டினா உள்ள இன்னொரு ஓட்டை, அதுல மோடத்தை நேரா சொருகிப் பாத்தா கோளாறு வீட்டு ஒயர்லயா வெளியவான்னு தெரிஞ்சிடும். இதை சொல்ல நான் வாயத் திறக்குறதுக்குள்ள அவரு, "தம்பி, அது ஏற்கனவே கழட்டி கைல தான் வச்சிருக்கேன், நான் டெலிபோன் இன்ஜினியரா இருந்து ரிட்டயர் ஆனவன்"னாரு. இங்கிலீஷ்ல "சன்"னு தான் சொன்னாரு, எனக்கு தம்பின்னு தான் கேட்டுச்சு. அப்புறம் பொறுமையா சொல்றாரு, தெரு முனைல தரைக்கு கீழ ஒரு ஜாயின்ட் இருக்கு, அதுல தண்ணி இறங்குது, அந்த ஜாயின்டை முன்னாடி ஒரு தடவை நானே பிரிச்சுக் கட்டியிருக்கேன், யாராவது வந்து மூடியைத் திறந்து பாத்தா பத்து நிமிஷ வேலை.

எனக்கு அவர் சொல்றது புரியுது. நம்பிக்கையும் வந்துடுச்சு. ஆனா எழுத எங்க இடம்? என் ஸ்க்ரீன்ல டிராப்-டவுன்ல "லைன்ல சத்தம்", "கனெக்‌ஷன் கட்", "ஸ்லோ ஸ்பீட்", இப்படி கொஞ்சம் தான். தெரு முனை ஜாயின்ட்னு ஒண்ணு இல்ல. நோட்ஸ்ல அடிச்சேன், அதை வெளிய ஏணி தூக்குறவன் படிப்பானான்னு எனக்கே தெரியாது. லைன் டெஸ்ட் ரன் பண்ணா அன்னைக்கு அங்க வெயில், பச்சை டிக், கோளாறு இல்லைன்னு வருது. கோளாறு இல்லைன்னு வந்தா நான் இன்ஜினியர் புக் பண்றதுக்கு முன்னாடி ஒரு வார்னிங் படிக்கணும், வந்து பாத்து எங்க பக்கம் தப்பு இல்லைன்னா உங்களுக்கு சார்ஜ் விழும்னு. முப்பது வருஷம் அந்த வேலை செஞ்ச மனுஷன்கிட்ட, அவர் கட்டின ஜாயின்டைப் பத்தி, நான் மெட்ராஸ்ல உக்காந்து அதைப் படிச்சேன். அவரு திட்டல. சிரிச்சிட்டு "எங்க காலத்துல நான் எக்ஸ்சேஞ்சுக்கு போன் போட்டா ஒருத்தன் வண்டி எடுத்துட்டு கிளம்பிடுவான்"னாரு. அதுக்குள்ள என் ஏ.ஹெச்.டி. சிவப்புக்கு போயிடுச்சு, அதாவது ஒரு காலுக்கு இவ்வளவு நேரம்னு ஒரு சராசரி வச்சிருப்பாங்க, தாண்டினா டீம் லீடர் ஸ்க்ரீன்ல தெரியும், பின்னாடி வந்து நின்னு விரலை சுத்தி சுத்தி காட்டுறாரு, முடி முடின்னு. புக் பண்ணிட்டு முடிச்சேன். அந்த ஜாயின்டை யாராவது பாத்தாங்களா, எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அவர் மறுபடி கூப்பிட்டிருந்தாலும் வேற எவனுக்கோ தான் போயிருக்கும், கியூல எவன் ஃப்ரீயோ அவனுக்கு.

இப்போ சொல்லுங்க, அந்தப் பெரியவரோட வேலை எனக்கா வந்துச்சு? அவர் வேலை எங்கயும் போகல, அது இல்லாமலே போச்சு. அதுல இருந்து வெட்டி எடுத்த ஒரு சின்ன துண்டுக்கு தான் எனக்கு மாசம் பத்தாயிரத்துக்கு கொஞ்சம் கீழ.

துண்டுக்கு எப்படிக் காசு குடுப்பாங்கன்னும் தெரிஞ்சுக்கணும். நிறைய கான்ட்ராக்ட்ல காலுக்கு இவ்வளவு, இல்லன்னா பேசின நிமிஷத்துக்கு இவ்வளவு, இல்லன்னா சீட்டுக்கு இவ்வளவு. அதோட எஸ்.எல்.ஏ., அதாவது சேவை இந்த அளவுல இருக்கணும்னு ஒரு ஒப்பந்தம், வர்ற காலுல நூத்துக்கு எண்பதை இருபது செகண்டுக்குள்ள எடுக்கணும் மாதிரி. இதுல எங்கயும் "ரிப்பேர் ஆச்சா"ன்னு ஒரு வரி ஆரம்பத்துல இருக்காது. காலுக்கு காசுன்னா கஸ்டமர் திரும்பத் திரும்ப கூப்பிட்டா கான்ட்ராக்டருக்கு நஷ்டமா என்ன? கிளையன்ட் முழிச்சுகிட்டு முதல் கால்லயே தீர்வுன்னு ஒரு அளவு கொண்டு வந்தான், அதே கஸ்டமர் இத்தனை நாளுக்குள்ள மறுபடி கூப்பிட்டா பெனால்டின்னு. உடனே ஃப்ளோர்ல அதுக்கும் வழி கண்டுபிடிச்சாங்க, வேற பிரச்சினைன்னு கம்ப்ளெயின்ட் வகையை மாத்திப் போடுறது. அங்க இருக்குறவன் இங்க இருக்குறவனை ஏமாத்துறான், இங்க இருக்குறவன் அங்க இருக்குறவனை ஏமாத்துறான், நடுவுல ஜாயின்ட்ல தண்ணி இறங்கிட்டே இருக்கு.

பி.டி.க்கு வர்றேன், ஏன்னா அவங்க கதைல இன்னொரு பக்கம் இருக்கு. கால் சென்டருக்கு ரொம்ப முன்னாடியே, 1986லயே, மஹிந்திராவோட சேர்ந்து மஹிந்திரா பிரிட்டிஷ் டெலிகாம்னு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பிச்சிட்டாங்க. இப்போ அதுக்கு பேர் டெக் மஹிந்திரா. ஆமா, அதே கம்பெனி தான். பி.டி. தன் வேலையை அவங்ககிட்ட குடுத்துச்சு, அந்த வேலையால கம்பெனி வளந்துச்சு, 2006ல ஷேர் மார்க்கெட்டுக்கு வந்துச்சு, அப்புறம் பி.டி. கைல இருந்த பங்கை கொஞ்சம் கொஞ்சமா வித்து 2012 கடைசில முழுசா வெளிய போயிடுச்சு. வேலையை வெளிய அனுப்பி மிச்சம் பிடிச்சது ஒரு லாபம், அதை வாங்கின கம்பெனி பங்கை வித்தது இன்னொரு லாபம். இதைப் பத்தி ஒரு யானையும் பேசல.

வெளிநாட்டுக்காரன் மட்டும் தான் இப்படின்னு நினைச்சா அதுவும் இல்ல. 2004ல நம்ம ஏர்டெல், சுனில் மிட்டல், என்ன பண்ணாரு? ஐ.டி. முழுக்க ஐ.பி.எம்.முக்கு பத்து வருஷ கான்ட்ராக்ட், சுமார் 75 கோடி டாலர். டவர் நெட்வொர்க்கை நடத்துறதை எரிக்சன் மாதிரி கம்பெனிங்ககிட்ட குடுத்து, மெஷின் பெட்டிக்குக் காசு தர மாட்டேன், எவ்வளவு டிராஃபிக் ஓடுதோ அதுக்குத் தான்னு சொல்லிட்டாரு. இந்தியக் கம்பெனி அமெரிக்கா, ஸ்வீடன் கம்பெனிங்களுக்கு அவுட்சோர்ஸ் பண்ணுதுன்னு அப்போ உலகமே வாயைப் பொளந்துச்சு. டெலிகாம் கம்பெனிக்கு நெட்வொர்க்கே உயிர்னு நினைச்சிட்டு இருந்தோம், அதையே வெளிய குடுத்தா மிச்சம் என்ன, பிராண்டும் பில்லும் தானே. நம்ம தமிழ்ல கஸ்டமர் கேர் பேசுறவங்களும் பெரும்பாலும் கான்ட்ராக்ட் கம்பெனி ஆளுங்க தான். டொமஸ்டிக் ப்ராசஸ்னு சொல்லுவோம், இன்டர்நேஷனல் வாய்ஸ்ல இங்கிலீஷ் சரியா வராதுன்னு தள்ளினவங்க அங்க போவாங்க, அதே தலைவலி, அதே ஹெட்செட், சம்பளம் பாதி. நாங்க யூகே ப்ராசஸ்ங்கிற மிதப்புல அவங்களை ஒரு படி கீழ தான் பாத்தோம்.

அப்புறம் எங்களையே ஒரு படி கீழ பாக்க ஆள் வந்துட்டாங்க. 2010 வாக்குல வாய்ஸ்ல பிலிப்பைன்ஸ் இந்தியாவைத் தாண்டிடுச்சு. அவங்க இங்கிலீஷ் அமெரிக்கன் காதுக்கு நெருக்கமாம். எங்க ஃப்ளோர்ல பாதி லைட் அணைஞ்சது அந்த சமயம் தான், "ப்ராசஸ் ராம்ப் டவுன்"னு மெயில் வந்துச்சு, "வேலை போச்சு"ன்னு வரல. யாரோ ஒருத்தன் கேன்டீன்ல "மணிலாக்காரன் நம்ம வேலையை எடுத்துட்டான்டா மச்சி"ன்னு சொன்னான். அதை எங்கயோ கேட்ட மாதிரி இருந்துச்சு.

மணிலான்னதும் வெரைசான் கதை சொல்லியே ஆகணும். 2016 ஏப்ரல் 13, அமெரிக்காவுல வெரைசான்ங்கிற டெலிகாம் கம்பெனி ஊழியர்கள் கிட்டத்தட்ட 40,000 பேர் ஸ்ட்ரைக். கேட்டதுல முக்கியமானது கால் சென்டர் வேலையை பிலிப்பைன்ஸ், மெக்சிகோன்னு வெளிய அனுப்பாதே. ஸ்ட்ரைக் நடுவுல சங்கத்து ஆளுங்க சில பேர் பிளைட் ஏறி மணிலாவுக்கே போனாங்க, திட்டுறதுக்கு இல்ல, அங்க வெரைசான் காலை எடுக்குறவங்க கூட உக்காந்து பேச. மணி நேரத்துக்கு 2 டாலருக்கும் கம்மியா வாங்குறாங்க, ஓவர்டைம் கட்டாயம்னு வந்து சொன்னாங்க. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு, பிங்க் யானைல இல்லாத ஒரு விஷயம் அதுல இருந்துச்சு. ஒன்றரை மாசம் நின்னு ஜெயிச்சாங்க, கிழக்குக் கரைல 1,300 புது கால் சென்டர் வேலை போடுறேன்னு கம்பெனி ஒத்துக்குச்சு.

ஆனா ரெண்டு வருஷம் கழிச்சு 2018ல அதே வெரைசான் ஐ.டி. வேலைல ஒரு பகுதியை இன்ஃபோசிசுக்கு குடுத்துச்சு, சுமார் 70 கோடி டாலர் டீல், 2,500 பேர் வாக்குல வெரைசான்ல இருந்து இன்ஃபோசிஸ் ஊழியரா மாறணும், அதுல ஆயிரம் பேர் அளவுல அமெரிக்காவுலயே இருக்குறவங்க. இதுக்கு ஐ.டி.ல ரீபேட்ஜிங்னு பேர். அதே சீட், அதே வேலை, கழுத்துல டேக் மட்டும் வேற. வெரைசானுக்கு அப்போ சென்னை கிண்டிலயே ஆபீஸ் இருந்துச்சு, ஒலிம்பியா டெக் பார்க்ல, இங்கிருந்தும் பல பேர் அந்த டீல்ல மாட்டினாங்க. ரீபேட்ஜ் ஆனா முதல் கொஞ்ச காலம் எல்லாம் நல்லா தான் இருக்கும், அப்புறம் தான் "பெஞ்ச்" (ப்ராஜெக்ட் இல்லாம சும்மா உக்கார வைக்கிறது), "ரீலொகேஷன்"னு ஆரம்பிக்கும், ஐ.டி.ல இருக்குறவங்களைக் கேளுங்க. சங்கம் இருந்த இடத்துல வேலை நின்னுச்சு, சங்கம் இல்லாத இடத்துல நகந்துச்சு, இதுக்கு மேல நான் விளக்க வேண்டியதில்ல.

இப்போ பிரிட்டன்ல என்ன ஆச்சு. இந்தியாக் கால் சென்டர் மேல கஸ்டமர்கள் கடுப்பு ஏறிக்கிட்டே போச்சு. கடுப்புக்கு உண்மைக் காரணம் ஆக்சென்ட் இல்ல, யாரு எடுத்தாலும் வேலை நடக்கலங்கிறது தான், ஆனா ஆக்சென்டைத் தான் சொன்னாங்க. 2016ல ஈ.ஈ. மொபைல் கம்பெனியை பி.டி. வாங்கினப்போ அவங்க ஏற்கனவே கால்களை ஊருக்குத் திருப்பிட்டு இருந்தாங்க. பி.டி.யும் 90 சதவீதம் கால்களை பிரிட்டன்லயே எடுப்போம்னு ஆரம்பிச்சு, 2020 ஜனவரில இனிமே எங்க கஸ்டமர் கால் எல்லாமே யூகே, அயர்லாந்துல தான்னு பெருமையா அறிவிச்சுது. பிங்க் யானை பதினேழு வருஷம் கழிச்சு ஜெயிச்ச மாதிரி தானே தெரியுது?

கவனிச்சா திரும்பிப் போனது காதுல விழுற வேலை மட்டும் தான். குர்கான், பெங்களூர், கொல்கத்தால பி.டி.யோட பெரிய ஆபீஸ்கள் இன்னும் இருக்கு. ஆர்டர் பிராசஸ் பண்றது, பில் சரி பாக்குறது, நெட்வொர்க்கை கண்காணிக்கிறது, சாஃப்ட்வேர், இதுல எல்லாம் யாரும் ஹலோ சொல்றதில்ல, அதனால யாருக்கும் ஆக்சென்ட் பிரச்சினையும் இல்ல. குரல் திரும்பிடுச்சுன்னு விளம்பரம் போடலாம், பேக் ஆபீஸ் எங்க இருக்குன்னு எந்த கஸ்டமர் கேக்கப் போறான்.

அப்புறம் 2023 மே. அப்போ பி.டி. சி.இ.ஓ.வா இருந்த பிலிப் ஜேன்சன் சொன்னாரு, கான்ட்ராக்ட் ஆளுங்களையும் சேர்த்து எங்ககிட்ட இருக்குறது 1.3 லட்சம் பேர், 2030க்குள்ள அதுல 55,000 வேலை வரைக்கும் எடுத்துடுவோம்னு. எடுக்குற வேலைல சுமார் 10,000 ஏ.ஐ. பாத்துக்குமாம். ஃபைபர் போட்டு முடிச்சாச்சுன்னா போடுற ஆளு வேணாம், செம்பு ஒயரை எடுத்தாச்சுன்னா தண்ணி இறங்குற ஜாயின்டும் இருக்காது, அதைப் பாக்குற ஆளும் வேணாம். 2003ல 2,200 வேலைக்கு யானை வந்துச்சு. 55,000க்கு டைனோசர் தான் வரணும்.

அந்த 2020 ஜனவரி இன்னொரு விஷயத்துக்காகவும் எனக்கு ஞாபகம் இருக்கு. ஜனவரி 31, பி.எஸ்.என்.எல்.ல வி.ஆர்.எஸ். ஒரே நாள்ல 78,000க்கு மேல ஆளுங்க வெளிய போனாங்க, மொத்த ஊழியர்கள்ல கிட்டத்தட்ட பாதி. எங்க பெரியப்பா ஒருத்தர் அதுல, டெலிபோன் டிபார்ட்மென்ட் காலத்துல லைன்மேனா சேர்ந்தவரு. எங்க ஊர் எக்ஸ்சேஞ்ச் ஏரியால எந்தக் கம்பத்துல எந்த ஜோடி யாரு வீட்டுக்குப் போகுதுன்னு அவருக்கு டைரி தேவையில்ல. அவர் போனதும் லைன் மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட்க்கு போயிடுச்சு, கான்ட்ராக்ட் பையன் முதல் மாசம் முழுக்க அவருக்குத் தான் போன் போட்டுட்டு இருந்தான், "அய்யா, மாதா கோவில் பக்கம் இருக்குற பில்லர்ல எது நம்ம கேபிள்?"னு. இவரும் டி.வி.எஸ். ஃபிப்டி எடுத்துட்டுப் போய் காட்டிட்டு வருவாரு, டீ கூட வாங்கித் தர மாட்டான்னு பெரியம்மா திட்டும். எந்த நாட்டுக்கும் போகாம, பக்கத்துத் தெருலயே அவுட்சோர்ஸ் ஆன வேலை அது. கடல் தாண்டினா தான் பாக்குறவன் கண்ணுல படுது, ஆனா பெரியப்பா வேலைக்கும் அந்த வட இங்கிலாந்து பெரியவர் வேலைக்கும் ஆன கதி ஒண்ணு தான்.

என் கூட அதே ஃப்ளோர்ல இருந்த அக்கா ஒருத்தங்க, எங்க கியூ.ஏ., எங்க காலை கேட்டு மார்க் போடுவாங்க, "எம்பதி ஸ்டேட்மென்ட் மிஸ்ஸிங்"னு, அதாவது கஸ்டமர் கஷ்டம் புரியுதுன்னு நான் ஒரு வரி சொல்லலன்னு, எனக்கு எத்தனை தடவை மார்க் குறைச்சிருப்பாங்கன்னு கணக்கே இல்ல. இப்பவும் அதே லைன்ல தான் இருக்காங்க, வேற கம்பெனி. இப்போ மனுஷன் பேசின காலைக் கேக்குறது கம்மி, பாட், அதாவது ஆளில்லாம தானா பதில் சொல்ற புரோகிராம், கஸ்டமர்கிட்ட பண்ண சாட்டை வாசிச்சு, சரியா சொல்லுச்சா, தப்பான பிரிவுல போட்டுச்சான்னு டிக் அடிக்கிறது தான் வேலையாம். "அந்த பாட்க்கு எம்பதி எல்லாம் கரெக்டா வருதுடா, உன்னை மாதிரி இல்ல, ஆனா கஸ்டமர் மோடத்துல சிவப்பு லைட்ங்கிறான், அது சாரி சொல்லிட்டே இருக்கு"ன்னு சிரிக்கிறாங்க. நோட்ஸ் எழுதுறதுக்கு அவங்களுக்கும் ஒரு டிராப்-டவுன் தானாம், எங்களோடதை விட ரெண்டு மூணு ஆப்ஷன் கூட.

இதெல்லாம் எதுக்கு இப்போ எழுதுறேன்னா, போன வாரம் சித்தி பையன் போன் பண்ணான். காலேஜ் முடிச்சிட்டான், ஏதோ பி.பி.ஓ.ல ஆஸ்திரேலியா டெலிகாம் ப்ராசஸ், சாட்டும் வாய்ஸும் கலந்து, சேரலாமா அண்ணேன்னு கேட்டான். சேராதடான்னு நான் சொல்லல, அந்த வேலை தான் என்னை மேன்ஷன்ல இருந்து வெளிய கொண்டு வந்துச்சு, தங்கச்சி படிப்புக்கு ஃபீஸ் கட்டுச்சு. ஹெச்.ஆர்.கிட்ட சம்பளத்தைக் கேக்குறதுக்கு முன்னாடி, கிளையன்ட் கான்ட்ராக்ட் எந்த வருஷம் முடியுது, காலுக்குக் காசா சீட்டுக்குக் காசா, பாட் எத்தனை சதவீதம் எடுக்குதுன்னு கேளுன்னு சொன்னேன். ஃப்ரெஷர் இதெல்லாம் கேட்டா வேலை குடுப்பாங்களா அண்ணேங்கிறான். அப்போ ஹெச்.ஆர்.கிட்ட கேக்காத, கேட் வெளிய டீக்கடைல நிக்கிற டீம் லீடர் எவனையாவது பிடி, ஒரு டீக்கு எல்லாம் சொல்லுவான்னேன். நாளைக்கு சாயங்காலம் போறானாம்.